பழைய கேபிள் டிவி வயரில் மாடிக்கு இணையம்: மோக்கா அடாப்டர் மாட்டும் முழு வழிகாட்டி

கருங்கல் பக்கம் இருக்கும் என் அக்கா வீட்டுக்கு 2004இல் பால்காய்ப்பு நடந்தது. அத்தான் அப்போது மஸ்கட்டில் இருந்தார். கீழே மூன்று அறை, மேலே இரண்டு அறை, ஐந்திலும் தனித்தனி கேபிள் டிவி பாயின்ட். அந்தக் காலத்தில் அது பெருமையான விஷயம். இன்று அந்த ஐந்தில் ஒன்றில்கூட டிவி இல்லை. ஹாலில் இருக்கும் ஒரே டிவியும் ஃபைபர் இணையத்தில்தான் ஓடுகிறது. ஃபைபர் பெட்டி வாசலை ஒட்டிய அறையில் இருக்கிறது. மேல்மாடிப் பின்னறையில் உட்கார்ந்து படிக்கும் அக்கா மகளுக்கு வைஃபை ஒரு கோடு வந்தால் பெரிது.

ரிப்பீட்டர் ஒன்று வாங்கி மாடிப்படியில் வைத்துப் பார்த்தார்கள். ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டரில் வேகம் பாதியாகக் குறையும். அங்கேயும் அதுதான் நடந்தது. எலக்ட்ரீசியன் வெளிச்சுவரைத் துளைத்து லேன் கேபிள் இழுக்கலாம் என்றார். புதிதாகப் பெயின்ட் அடித்த சுவரைத் துளைக்க அக்காவுக்கு மனம் வரவில்லை. அப்போதுதான் கட்டிலுக்குப் பின்னால் தூசி மூடிக் கிடந்த டிவி சாக்கெட்டைக் கவனித்தேன். கழற்றிப் பார்த்தால் உள்ளே நல்ல ஆர்ஜி-6 வயர், கேபிள் டிவிக்குப் போடும் கோஆக்ஸ் வகை.

அந்த வயரை நம்பி இறங்கிய வேலைக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. அடாப்டரை மாட்டியது அரை மணி நேரம். எந்த வயர் எங்கே போகிறது என்று தேடவும், பழைய இணைப்புகளைச் சரிசெய்யவும்தான் மீதி நேரமெல்லாம் போனது. இங்கேயும் அதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன், ஏனென்றால் இந்த வேலை ஜெயிப்பதும் தோற்பதும் அங்கேதான்.

மோடம் வேறு, அடாப்டர் வேறு

இந்தக் குழப்பத்தில் பணம் வீணாகும் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேபிள் மோடம் என்பது கேபிள் நிறுவனத்தின் தலைமைக் கருவியோடு பேசி, வெளியிலிருந்து இணையத்தை வீட்டுக்குள் கொண்டுவரும் பெட்டி. அதன் தொழில்நுட்பத்துக்கு டாக்சிஸ் என்று பெயர். பழைய கேபிள் மோடம் இரண்டு மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி, ஒரு வயரின் இரண்டு முனையிலும் மாட்டினால் அவை ஒன்றோடொன்று பேசாது.

நமக்கு வேண்டியது மோக்கா அடாப்டர். மல்டிமீடியா ஓவர் கோஆக்ஸ் அலையன்ஸ் என்ற, 2004இல் தொடங்கிய கூட்டமைப்பின் பெயர்ச் சுருக்கம்தான் மோக்கா. வேலை எளிமையானது. ஒரு அடாப்டரை ஃபைபர் பெட்டியின் லேன் போர்ட்டில் மாட்டி, அதன் இன்னொரு பக்கத்தைக் கோஆக்ஸ் வயரில் சேர்க்கிறோம். மேலே இன்னொரு அடாப்டர் அதே வயரிலிருந்து இணையத்தை எடுத்து மீண்டும் லேன் போர்ட்டாகத் தருகிறது. நடுவில் கோஆக்ஸ் இருப்பது உங்கள் கணினிக்குத் தெரியவே தெரியாது.

இப்போது வாங்குவதென்றால் மோக்கா 2.5 வாங்குங்கள். அதில் நமக்குக் கிடைக்கும் உச்ச வேகம் 2.5 ஜிபிபிஎஸ், அதாவது 2500 எம்பிபிஎஸ். பழைய 2.0 அடாப்டர் ஏற்கனவே கையில் இருந்தால் அதுவும் போதும். அடிப்படை வகை 400 எம்பிபிஎஸ் அளவுக்குத் தரும். இரண்டு தலைமுறையையும் ஒரே வயரில் கலந்து போடலாம். ஒரு வீட்டு வலையில் 16 அடாப்டர் வரை சேரும், ஆனால் எல்லாம் ஒரே வயரின் வேகத்தைப் பங்கிட்டுக்கொள்ளும். கூடுதல் தாமதம் 3 முதல் 4 மில்லிசெகண்ட். வளைகுடாவில் இருப்பவர்களோடு வீடியோ கால் பேசுவதற்கும் ஆன்லைன் வகுப்புக்கும் இது ஒரு பொருட்டே இல்லை.

முதலில் வயரை இழுத்துப் பாருங்கள்

அடாப்டரை ஆர்டர் செய்வதற்கு முன் ஒரு சோதனை. சாக்கெட்டைக் கழற்றி, உள்ளே இருக்கும் கோஆக்ஸைக் கையால் மெதுவாக இழுங்கள். மறுமுனையில் ஒருவரை நிறுத்தி, வயர் அசைகிறதா என்று கேளுங்கள். தாராளமாக நகர்ந்தால் உங்களுக்கு மோக்கா தேவையே இல்லை. பழைய கோஆக்ஸின் முனையில் கேட்-6 லேன் கேபிளை இறுக்கிக் கட்டி, அதை இழுகயிறாக வைத்தே புதிய வயரைச் சுவருக்குள் இருக்கும் பைப்புக்குள் கொண்டுவந்துவிடலாம். கேட்-6 மலிவு, 100 மீட்டர் வரை ஒரு ஜிபிபிஎஸ் போகும், அதற்கென்று தனி மின்சாரமும் வேண்டாம். இது முடிந்தால் இதையே செய்யுங்கள், இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிடலாம்.

ஆனால் நான் பார்த்த வீடுகளில் பாதிக்கு மேல் வயர் அசையவில்லை. வளைவுகள் அதிகம், அல்லது கான்கிரீட் போடும்போது சிமெண்ட் பால் பைப்புக்குள் இறங்கிக் கட்டியாகிவிட்டது. சில வீடுகளில் பைப்பே இல்லாமல் வயரைச் சுவரில் வைத்துப் பூசியிருந்தார்கள். அசையாத வயரைப் பலம் போட்டு இழுக்காதீர்கள்; உள்ளே அறுந்தால் இருந்ததும் போச்சு. மோக்கா பயன்படுவது இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான்.

வயரில் இப்போது என்ன ஓடுகிறது?

மூன்று நிலைமைகள் இருக்கலாம். வயரில் எதுவும் ஓடாமல் சும்மா கிடந்தால் அதுதான் மிகவும் நல்லது.

கேபிள் டிவி ஓடினால் இரண்டையும் ஒரே வயரில் வைத்துக்கொள்ளலாம். கேபிள் டிவி சேனல்கள் சுமார் 862 மெகாஹெர்ட்ஸ் வரை இருக்கும். மோக்கா 1125 முதல் 1675 மெகாஹெர்ட்ஸ் வரையில் ஓடும். ஒன்றோடொன்று மோதாது. ஆனால் வெளியிலிருந்து வயர் வீட்டுக்குள் நுழையும் இடத்தில், முதல் ஸ்பிளிட்டருக்கு (ஒரு வயரைப் பல கிளையாகப் பிரிக்கும் சின்னப் பெட்டி) முன்னால், மோக்கா ஃபில்டர் ஒன்று கட்டாயம் போட வேண்டும். விரல் நீளத்தில் உலோகக் குழாய் போல இருக்கும் அந்தச் சின்னச் சாமான், உங்கள் வீட்டுச் சமிக்ஞை தெருவுக்குப் போகாமல் தடுக்கிறது. அது இல்லாவிட்டால் அதே கம்பத்திலிருந்து வயர் எடுக்கும் பக்கத்து வீட்டில் ஒருவர் அடாப்டர் மாட்டினால் உங்கள் வலைக்குள் வந்துவிட வாய்ப்பு உண்டு.

டிடிஹெச் ஓடினால் நின்று யோசிக்க வேண்டும். டிஷ்ஷிலிருந்து பெட்டிக்கு வரும் சமிக்ஞை 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை இருக்கும், அதாவது மோக்காவின் இடத்தை முழுவதுமாக மூடிவிடும். போதாததற்குப் பெட்டி அந்த வயர் வழியாகவே 13 அல்லது 18 வோல்ட் மின்சாரத்தை டிஷ்ஷுக்கு அனுப்புகிறது. ஆகவே டிடிஹெச் ஓடும் வயரில் மோக்கா மாட்டவே கூடாது. டிடிஹெச்சை நிறுத்திவிட்ட வீடுகளில் கதை வேறு. மொட்டை மாடியிலிருந்து ஹால் வரை ஜாயின்ட் இல்லாமல் ஒரே துண்டாக இறங்கும் அந்த வயரைப் போல நல்ல வயர் வீட்டில் வேறு இருக்காது.

இன்னொன்று. ஆண்டெனா காலத்துப் பட்டை வயர், இரண்டு கம்பி ஓரங்களில் ஓடி நடுவில் தட்டையாக இருக்கும் வகை, சில பழைய வீடுகளில் இன்னும் இருக்கிறது. அது 300 ஓம் வயர். நமக்கு வேண்டியது 75 ஓம் கோஆக்ஸ். அதை விட்டுவிடுங்கள்.

கை வைப்பதற்கு முன் மின்சாரம் பாருங்கள்

இதை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். தெருக் கம்பத்தில் தொங்கும் கேபிள் ஆம்ப்ளிஃபயர்களுக்குச் சில இடங்களில் கேபிள் வழியாகவே மின்சாரம் அனுப்புவார்கள். எங்காவது பழுது ஏற்பட்டால் வயரின் நடுக்கம்பியைச் சுற்றியிருக்கும் வெளிப் பின்னலில் மின்சாரம் நிற்கும். மழையில் மின்கம்பி கேபிள் வயர்மீது உரசினாலும் அதே கதி. வீட்டுக்குள் வரும் வயரின் பின்னலுக்கும் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பாருங்கள். மீட்டர் பிடித்துப் பழக்கம் இல்லாதவர்கள் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சில வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வயரைத் தொடாமல் கேபிள்காரரைக் கூப்பிடுங்கள்.

கேபிள் டிவியே வேண்டாம் என்று விட்டுவிட்ட வீடாக இருந்தால், வெளியிலிருந்து வரும் வயரை முற்றிலும் கழற்றிவிடுவதுதான் சரி. அக்கா வீட்டில் அப்படித்தான் செய்தோம். ஃபில்டர் செலவு மிச்சம், பக்கத்து வீட்டுப் பயம் இல்லை. எல்லாவற்றையும்விட, சித்திரை, வைகாசி மாலைகளிலும் ஐப்பசியிலும் இங்கே விழும் இடிக்கு வெளிவயர் வழியாக வீட்டுக்குள் வரும் பாதை ஒன்று அடைபட்டுவிடுகிறது.

வயர் வரைபடம்

ஒரு தாளில் வீட்டின் அறைகளை வரைந்து, டிவி பாயின்ட் இருக்கும் இடங்களில் எண் போடுங்கள். பிறகு இந்த வயர்கள் எல்லாம் சேரும் இடத்தைத் தேடுங்கள். படிக்கட்டுக்கு அடியில், மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே, சன்ஷேடு மேலே என்று எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். அக்கா வீட்டில் அது மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரின் உட்புறத்தில், ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் இருந்தது. ஐந்து வயர், ஒரு பழைய ஸ்பிளிட்டர், எந்த வயரிலும் பெயர் இல்லை.

எது எந்த அறை வயர் என்று கண்டுபிடிக்கும் முறை இது. எல்லா வயரையும் இரண்டு முனையிலும் கழற்றுங்கள். ஒரு அறையில் வயரின் நடுக்கம்பியையும் வெளிப் பின்னலையும் ஒரு சின்னக் கம்பித் துண்டால் சேருங்கள். மேலே போய், மல்டிமீட்டரை பீப் ஒலி தரும் நிலையில் வைத்து ஒவ்வொரு வயராகத் தொடுங்கள். பீப் கேட்கும் வயர் அந்த அறையுடையது. உடனே மாஸ்கிங் டேப்பில் பெயர் எழுதி ஒட்டுங்கள். அப்புறம் அறையில் சேர்த்ததைப் பிரித்துவிட்டு மீண்டும் பாருங்கள். இப்போதும் பீப் கேட்டால் வயருக்குள் எங்கோ ஷார்ட் இருக்கிறது.

எங்களுக்கு ஐந்தில் நான்குதான் கிடைத்தது. ஐந்தாவது வயர் எந்த அறையிலும் பேசவில்லை. வெகுநேரம் தேடிய பிறகு, ஹால் பாயின்ட் தனியாக மேலே வராமல் முன்னறை சாக்கெட்டிலிருந்து கிளை பிரிந்து போயிருப்பது தெரிந்தது. இப்படி ஒரு சாக்கெட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தொடராக வயர் ஓட்டியிருந்தால் மோக்கா தடுமாறும். அந்தச் சாக்கெட்டைக் கழற்றி, இரண்டு வயருக்கும் முனை போட்டு, தேவையானவற்றை மட்டும் நேராகச் சேர்க்க வேண்டும்.

இணைப்புகளைப் புதிதாக்குதல்

ஆர்ஜி-6 வயர் 30 மீட்டரில் சுமார் 1000 மெகாஹெர்ட்ஸில் 6, 7 டெசிபெல்தான் (சமிக்ஞை இழப்பை அளக்கும் அலகு) இழக்கிறது. நம் வீடுகளில் ஒரு அறைக்கு அவ்வளவு நீளம்கூட வராது. மெலிந்த ஆர்ஜி-59 இன்னும் கொஞ்சம் அதிகமாக இழக்கும், அதுவும் பரவாயில்லை. வயர் நம்மைக் கைவிடுவது அபூர்வம். கைவிடுவது ஜாயின்ட்கள். இரண்டு வயரின் நடுக்கம்பியை முறுக்கி, கறுப்பு டேப் சுற்றிய ஜாயின்ட் டிவி பார்க்கப் போதுமாக இருந்திருக்கும். அதற்கு மேலான அலைவரிசைக்கு அது ஒரு சுவர். அப்படி எங்கே கண்டாலும் வெட்டி எறிந்து, இரண்டு முனையிலும் எஃப் கனெக்டர் (வயர் நுனியில் போடும், திருகி மாட்டும் உலோக முனை) போட்டு, நடுவில் ஒரு ஜாயின்டர் வைத்து இணையுங்கள்.

சுவரில் இருக்கும் டிவி சாக்கெட்டையும் நான் நீக்கிவிடச் சொல்வேன். உள்ளே ஸ்குரூவில் நடுக்கம்பியைப் பிடித்திருக்கும் அந்த வகை சாக்கெட் இந்த வேலைக்கு ஒத்துவராது. வயரை நேராக வெளியே எடுத்து எஃப் கனெக்டர் போட்டு அடாப்டரில் மாட்டுங்கள். பார்க்க அழகாக இருக்க வேண்டுமென்றால் எஃப் வகை சாக்கெட் தகடு கிடைக்கும்.

கனெக்டர் போடும் முறை: முதலில் இற்றுப்போன முனையை, நல்ல கம்பி தெரியும் வரை வெட்டுங்கள். வெளித் தோலை சுமார் 13 மில்லிமீட்டர் உரியுங்கள். பின்னலைக் கம்பி அறாமல் தோலின்மேல் பின்னோக்கி மடியுங்கள். வெள்ளை உள்காப்பில் நுனியிலிருந்து 6 மில்லிமீட்டர் நீக்குங்கள். நடுக்கம்பியில் கத்தி படக்கூடாது. கனெக்டருக்குள் நுழைக்கும்போது அந்த வெள்ளைப் பகுதி உட்தளத்தோடு சமமாக வந்து நிற்க வேண்டும், நடுக்கம்பி கனெக்டர் விளிம்பைத் தாண்டி 2, 3 மில்லிமீட்டர் வெளியே தெரிய வேண்டும். பின்னலின் ஒரு நரம்பு நடுக்கம்பியைத் தொட்டாலும் எல்லாம் வீண். திருகி மாட்டும் கனெக்டர் எங்கும் கிடைக்கும், ஆனால் நாளடைவில் தளரும். கம்ப்ரஷன் கனெக்டரும் அதற்கான கருவியும் வாங்கினால் பத்து வருடம் திரும்பிப் பார்க்க வேண்டாம். நான் இதில் சிக்கனம் பார்க்க மாட்டேன்.

ஸ்பிளிட்டர் விஷயம். இரண்டே அறையை இணைப்பதென்றால் ஸ்பிளிட்டரே வேண்டாம். இரண்டு வயரையும் ஜாயின்டர் வைத்து நேராகச் சேருங்கள். மூன்று அறை என்றால் இருவழி ஸ்பிளிட்டர் ஒன்று, ஃபைபர் பெட்டி இருக்கும் அறையின் வயர் இன்புட்டில். பழைய ஸ்பிளிட்டரில் 5-1000 மெகாஹெர்ட்ஸ் என்று எழுதியிருக்கும்; 5-1675 என்று எழுதியது வேண்டும். இருவழியில் 3.5 டெசிபெல், நான்குவழியில் 7 டெசிபெல் போகும், ஆகவே எட்டுவழி ஸ்பிளிட்டரை வாங்கிப் பாதியைச் சும்மா விடாதீர்கள். மிஞ்சும் போர்ட்டில் 75 ஓம் டெர்மினேட்டர் மூடி போடுங்கள். பழைய டிவி ஆம்ப்ளிஃபயர் பாதையில் இருந்தால் அதை எடுத்தே ஆக வேண்டும். மோக்கா சமிக்ஞை அதைத் தாண்டாது.

வாங்கியதும் மேசையில் சோதனை

நாகர்கோவில், மார்த்தாண்டம் கடைகளில் நான் கேட்டவரை மோக்கா அடாப்டர் கைவசம் இல்லை. ஆன்லைனில் வரவழைக்க வேண்டும், அல்லது வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களிடம் சொல்ல வேண்டும். அமெரிக்காவிலிருந்து வருவதென்றால் சார்ஜரில் 100-240 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 120 மட்டும் என்றிருந்தால் நம் வீட்டு மின்சாரத்தில் எரிந்துபோகும். பிளக் பின்னை மாற்றித் தரும் அடாப்டர் ஒன்றும் தேவைப்படும்.

பெட்டியைப் பிரித்ததும் மாடிக்கு ஓடாதீர்கள். இரண்டு அடாப்டரையும் ஒரே மேசையில் வைத்து, ஒரு மீட்டர் கோஆக்ஸ் துண்டால் இணையுங்கள். ஒன்றை ஃபைபர் பெட்டியிலும் மற்றொன்றை மடிக்கணினியிலும் மாட்டுங்கள். கோஆக்ஸ் விளக்கு எரிந்து இணையம் வந்தால் கருவி நல்லது. அடாப்டரின் அமைப்புப் பக்கத்தைப் பிரவுசரில் திறந்தால் இணைப்பு வேகம் தெரியும், 2.5 அடாப்டரில் 3500 எம்பிபிஎஸ் அளவில் காட்டும். அந்த எண்ணைத் தாளில் குறித்து வையுங்கள். இது வயரின் உள் வேகம், நமக்குக் கிடைப்பது இதைவிடக் குறைவு. பின்னால் மாடியில் மாட்டும்போது இதே எண்ணோடு ஒப்பிட்டால், குறை வயரிலா கருவியிலா என்ற சந்தேகமே வராது.

கேபிள்காரர் வயர் இன்னும் இணைந்திருக்கும் வீட்டில், அதே பக்கத்தில் மோக்கா கடவுச்சொல்லையும் இரண்டு அடாப்டரிலும் ஒன்றுபோல அமைத்துவிடுங்கள்.

மாடியில் பழைய ரவுட்டரை உயிர்ப்பித்தல்

மேலே இருக்கும் அடாப்டரிலிருந்து கணினிக்கு நேராக வயர் போடலாம். கைபேசிகளுக்கும் வேண்டுமென்றால் அங்கே ஒரு வைஃபை தேவை. அலமாரியில் கிடக்கும் பழைய ரவுட்டரே போதும். அதன் அமைப்பில் அக்சஸ் பாயின்ட் என்ற நிலை இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் கையால் செய்யலாம்: ரவுட்டரின் முகவரியை மாற்றுங்கள், ஃபைபர் பெட்டி 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2. பிறகு டிஹெச்சிபியை (கருவிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் வசதி) அணையுங்கள். அடாப்டரிலிருந்து வரும் வயரை, வெளி இணையம் வாங்கும் வான் (WAN) போர்ட்டில் மாட்டாமல் லேன் போர்ட்டில் மாட்டுங்கள். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் கீழே இருப்பதே இருக்கட்டும்; கைபேசி மாடியேறும்போது தானாக மாறிக்கொள்ளும். 2.4 கிகாஹெர்ட்ஸில் கீழே சேனல் 1 என்றால் மேலே 6 அல்லது 11 வையுங்கள்.

வேகம் வரவில்லை என்றால்

கோஆக்ஸ் விளக்கே எரியாவிட்டால் பாதையில் அறுந்த வயர், ஷார்ட், மறந்துபோன ஆம்ப்ளிஃபயர், கடவுச்சொல் வேறுபாடு என்ற வரிசையில் பாருங்கள். விளக்கு எரிந்தும் மேசையில் குறித்த எண்ணைவிட மிகவும் குறைவாகக் காட்டினால் கனெக்டர்களை ஒவ்வொன்றாக மறுபடி போடுங்கள். ஸ்பிளிட்டரைக் கழற்றி ஜாயின்டரால் நேராக இணைத்தும் ஒருமுறை பார்க்கலாம்.

வேகச் சோதனையில் எப்போதும் 94 எம்பிபிஎஸ் பக்கத்திலேயே நின்றால் கோஆக்ஸைக் குறை சொல்ல வேண்டாம். பாதையில் எங்கோ ஒரு லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ் வகை, அல்லது லேன் கேபிளில் ஒரு ஜோடிக் கம்பி அறுந்திருக்கிறது. அக்கா வீட்டில் பழைய ரவுட்டர்தான் அந்த 100 வகை. வீட்டுத் திட்டமே 100 எம்பிபிஎஸ் என்பதால் அதை அப்படியே விட்டுவிட்டோம்.

உப்புக்காற்றும் மழையும்

குளச்சல், முட்டம், மணக்குடி போலக் கடலோரத்தில் இருப்பவர்கள் மொட்டை மாடியில் இருக்கும் எந்த இணைப்பையும் திறந்தவெளியில் விடாதீர்கள். உப்புக்காற்று பட்ட செம்பு பச்சைக் களிம்பு பிடித்துவிடும். வெளியே இருக்கும் கனெக்டரின்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைச் சுற்றுங்கள். சாதாரண இன்சுலேஷன் டேப் வெயிலில் பசை இளகி அவிழும். டப்பாவுக்குள் நுழையும் முன் வயர் ஒருமுறை கீழே தொங்கி மேலேறட்டும், அப்போது மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்கு முன், மே மாதத்தில் ஒருமுறை டப்பாவைத் திறந்து பாருங்கள்.

கடைசியாக மின்சாரம். ரப்பர் மரமோ தென்னை மட்டையோ லைனில் விழுந்து கரண்ட் போவது இங்கே மழைக்காலத்தில் வழக்கம். ஃபைபர் பெட்டி இன்வெர்ட்டரில் இருந்து, மாடி அடாப்டர் சாதாரண பிளக்கில் இருந்தால் கரண்ட் போனதும் மாடியில் இணையம் நின்றுவிடும். பல வீடுகளில் இன்வெர்ட்டர் லைன் விளக்குக்கும் மின்விசிறிக்கும் மட்டும் போகும். கீழ் அடாப்டர், மேல் அடாப்டர், மேல் ரவுட்டர் மூன்றுக்கும் இன்வெர்ட்டர் லைனில் பிளக் இருக்கிறதா என்று பாருங்கள். அக்கா வீட்டில் பின்னறை சுவிட்ச் போர்டில் ஒரு பிளக்கை எலக்ட்ரீசியன் அந்த லைனுக்கு மாற்றிக் கொடுத்தார்; அரை மணி நேர வேலை.

வயர் வரைபடத் தாளை மீட்டர் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டிவைத்திருக்கிறோம்.